கணவாய் உள்ளவரை கூட்டணி

புதுச்சேரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை திருவண்ணாமலையைத் தாண்டிச் செங்கத்தை நெருங்கும்போது இரு பக்கமும் மலை கிட்டே வந்துவிடுகிறது. வடக்கே ஜவ்வாது மலை. தெற்கே தென்மலை, அதற்கப்பால் கல்வராயன். இடையில் சிங்காரப்பேட்டை வரை நீளும் இடுக்கு நிலத்தைத்தான் பழைய போர்க்குறிப்புகள் செங்கம் கணவாய் என்கின்றன. ஜவ்வாது மலையின் வடபுறத்தில் இன்னொரு வழி உண்டு. அது வாணியம்பாடியும் ஆம்பூரும் அமைந்த பாலாற்றுப் பள்ளத்தாக்கு. மைசூர் மேட்டிலிருந்து இறங்கிப் பாராமகால் வழியாக ஆற்காட்டை நோக்கி வரும் படை, இந்த மலையை வலமாகவோ இடமாகவோ சுற்றித்தான் சமவெளிக்கு வந்தாக வேண்டும். மலை உயரமானதென்று சொல்ல முடியாது. ஆனால் அதன் இரண்டு வாசல்களுக்கும் இருந்த மதிப்பு பெரிது.

சிறிய நாடு ஒன்று பெரிய படைக் கூட்டணியில் சேர முயல்வதை இன்று நாம் ஐரோப்பியச் செய்தியாகவே படிக்கிறோம். அட்ரியாட்டிக் கடலோரத்து மாண்டெனேக்ரோ 2006இல் செர்பியாவை விட்டுப் பிரிந்தது. 2009இல் நேட்டோ உறுப்பினராவதற்கான செயல்திட்டத்தில் அதற்கு இடம் கிடைத்தது. 2015 டிசம்பரில் அழைப்பு வந்தது. 2017 ஜூன் 5 அன்று 29ஆவது உறுப்பு நாடானது. அதன் மக்கள்தொகை ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். இன்றைய வேலூர் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. படையில் சுமார் 2,000 பேர். இத்தனை சிறிய படையால் கூட்டணிக்கு என்ன லாபம், ஆபத்து வந்தால் மற்றவர்கள் வருவார்களா, வந்தால் பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்று அங்கே பத்தாண்டுக் காலம் விவாதம் நடந்தது. ஜவ்வாது மலையடிவாரத்தில் இதே கேள்விகள் நூற்றாண்டுக்கணக்கில் கேட்கப்பட்டவை. விடைகளில் சில கல்லில் இருக்கின்றன, சில ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் தாள்களில் இருக்கின்றன.

அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கையில் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். உடன்படிக்கையின் வாசகத்தை நம்பிப் பிழைத்த சிறிய அரசு இந்த வட்டாரத்தில் இல்லை. சிறிய அரசின் வாசல் விழுந்தால் தனக்கும் நட்டம் என்று பெரிய அரசு கருதிய வரைக்கும்தான் துணை வந்தது. அந்தக் கணக்கு மாறிய அன்றே வாசகத்துக்குப் புதிய பொருள் கற்பிக்கப்பட்டது.

*

செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுதியை 1972இல் வெளியிட்டது. பல்லவர் காலத்துக் கற்கள் அதில் மிகுதி. ஆநிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் இறந்தவர்களுக்கு எடுத்தவை அவற்றில் பல. எடுத்தனூர்க் கல்லைப் பலரும் அறிவார்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயையும் சேர்த்துப் பொறித்த கல் அது. நாயின் கதை சுவையானது என்பதால் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். என் கவனம் கல்லின் தொடக்கத்தில் நிற்கிறது. முதலில் பல்லவ மன்னனின் ஆட்சியாண்டு, அடுத்து வாணகோ அரசர், அதன்பின் அவருடைய மருமக்கள், கடைசியில் அவர்களுடைய ஆளாகிய கருந்தேவக்கத்தி. காஞ்சியில் இருக்கும் பேரரசனுக்கும் எருமை மந்தைக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் ஒருவனுக்கும் இடையில் இத்தனை படிகள். கூட்டணி என்று நாம் சொல்லும் ஏற்பாட்டின் பழைய வடிவம் இதுதான். மேலே இருப்பவன் பெயரைக் கொடுப்பான், கீழே இருப்பவன் உயிரைக் கொடுப்பான்.

அதிலிருந்து ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு தள்ளி வந்தால் செங்கத்திலேயே வேறு வகையான ஆவணம் கிடைக்கிறது. மூன்றாம் குலோத்துங்க சோழனின் ஆட்சியில், 12ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், மூன்று தலைவர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டைச் செங்கத்துக் கல்வெட்டு பதிவு செய்கிறது. ஒருவன் செங்கேணி அம்மையப்பன் அத்திமல்லன் என்ற விக்கிரமசோழச் சம்புவராயன். அடுத்தவன் கரிகாலசோழ ஆடையூர் நாடாள்வான். மூன்றாமவன் தகடூர் அதியமான் வழியில் வந்த விடுகாதழகிய பெருமாள். சம்புவராயர் பிடி மலைக்குக் கிழக்கே, தகடூர் மேற்கே. செங்கம் இருவரும் கைநீட்டினால் தொடும் இடம். விடுகாதழகிய பெருமாளின் கை மலையைச் சுற்றிக் கிழக்கேயும் நீண்டிருந்தது. போளூருக்கு அருகே திருமலையில், தன் முன்னோனான எழினி நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததாக அவன் பெயரில் கல்வெட்டு இருக்கிறது.

மூவரும் சோழனுக்கு அடங்கியவர்கள். சோழன் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்கள். அரியணையில் இருந்தவனும் சோர்ந்தவன் அல்லன். மதுரை மீதே படை நடத்திய குலோத்துங்கன். அப்படியிருந்தும் தமக்குள் தனியே ஓர் ஏற்பாடு தேவை என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள். சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் நடுநாட்டிலும் தொண்டை மண்டலத்திலும் இப்படிப்பட்ட உடன்பாடுகள் பல ஏற்பட்டன. ஒருவர் மேல் மற்றவர் படையெடுக்காமை, பொதுப்பகையை ஒன்றாக நின்று எதிர்த்தல், வெளியாருடன் தனியே சேராமை என்று அவற்றின் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றே. பேரரசின் பாதுகாப்பில் நம்பிக்கை இருந்தால் பக்கத்து வீட்டுக்காரனோடு கல்லில் எழுதி ஒப்பந்தம் செய்ய வேண்டிய அவசியமில்லை. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி முதலான வரலாற்றாசிரியர்கள் இவற்றைச் சோழர் மையம் தளர்ந்ததன் அடையாளமாகப் படித்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் சிற்றரசர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது தளர்ச்சி அன்று, முன்னெச்சரிக்கை. அல்பேனியா, குரோஷியா, மாசிடோனியா ஆகிய மூன்று சிறு நாடுகளும் 2003இல் அமெரிக்காவுடன் சேர்ந்து அட்ரியாட்டிக் சாசனம் என்ற ஒன்றில் கையெழுத்திட்டன. பெரிய கூட்டணிக்குள் போகும் வழியில் முதலில் தமக்குள் கைகோத்துக்கொண்டன. மாண்டெனேக்ரோ 2008இல் அதில் சேர்ந்தது. செங்கத்துத் தலைவர்களுக்கு இது புரிந்திருக்கும்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். செங்கத்தில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழச் சமமானவர்கள். மூவரில் எவனும் மற்ற இருவருக்குப் படியளக்கும் நிலையில் இல்லை. இந்த மலையடிவாரத்தில் அதற்குப் பிறகு அப்படி ஒரு கூட்டு அமைந்ததை நான் காணவில்லை.

சோழர் மையம் உடைந்தபோது என்ன நடந்தது என்பது பாடநூல் கதை. 1231ஐ ஒட்டி, காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் வந்தவாசிக்கு அருகே தெள்ளாற்றில் மூன்றாம் இராசராசனைத் தோற்கடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். மீட்க வந்தவன் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன். மீட்டான், சோழனை மறுபடி அரியணையில் அமர்த்தினான். ஆனால் காக்க வந்த படை ஊர் திரும்பவில்லை. திருவரங்கத்துக்கு எதிரே, இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் போசளர் தலைநகர் ஒன்றே எழுந்தது. நரசிம்மனின் மகன் சோமேசுவரன் அங்கிருந்து தமிழகத்து அரசியலை நடத்தினான். உதவிக்கு வந்தவன் தங்கிவிடுவது கூட்டணி வரலாற்றின் மிகப் பழைய விதி. 14ஆம் நூற்றாண்டில் படைவீட்டிலிருந்து தனியாட்சி செய்த சம்புவராயரை விசயநகரத்துக் குமார கம்பணன் அடக்கிய பிறகே மதுரைக்குப் போக முடிந்தது. தெற்கே போகிறவன் இந்த மலையடிவாரத்தைப் பின்னால் பகையாக விட்டுச் செல்ல முடியாது. நாலு நூற்றாண்டு கழித்து மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் இதே நிலக்கணக்கைப் போட்டார்.

*

1766 நவம்பர் 12 அன்று ஐதராபாத்தில் நிஜாம் அலி கானும் சென்னைக் கும்பினியும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். வட சர்க்கார் மாவட்டங்கள் கும்பினிக்கு, ஆண்டுக் கப்பமும் வேண்டும்போது படை உதவியும் நிஜாமுக்கு. யாருக்கு எதிராக அந்தப் படை என்பதைத் தாளில் தெளிவாக எழுதவில்லை. நிஜாமின் மனத்தில் இருந்தது மைசூர். அடுத்த ஆண்டு கர்னல் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் கும்பினிப் படைப்பிரிவு ஒன்று நிஜாமோடு மைசூரை நோக்கி நடந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே நிஜாமின் முகாமுக்கு ஹைதரின் தூது வந்தது. தூது நடத்தியவர் மகபூஸ்கான், ஆற்காட்டு நவாபு முகமது அலியின் சொந்த அண்ணன்! தம்பி கும்பினியின் பக்கம், அண்ணன் ஹைதரின் பக்கம், விலை பேசப்படுவது நிஜாம். தென்னிந்தியாவின் அன்றைய அரசியலை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

நிஜாம் பக்கம் மாறினார். 1767 ஆகஸ்டு 25 அன்று ஹைதரின் குதிரைப்படை பாராமகாலில் காவேரிப்பட்டினம் பக்கத்துக் கும்பினிக் காவல்களின் மேல் பாய்ந்தது. ஸ்மித் பின்வாங்கித் திருவண்ணாமலையை நோக்கி நகர்ந்தார். திருச்சியிலிருந்து வரும் கர்னல் உட்டின் படையோடு சேர்வது அவர் திட்டம். நடுவே செங்கம் கணவாய். செப்டம்பர் முதல் வாரத்தில் அங்கே சண்டை நடந்தது. ஸ்மித்திடம் ஏறத்தாழ 7,000 பேர். எதிரே 70,000 பேர் என்று ஆங்கிலக் கணக்குகள் சொல்கின்றன. அந்தக் காலத்து ஆங்கிலேயர் எதிரியின் தொகையை எழுதும்போது கையைத் தாராளமாகவே வைப்பார்கள், அதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கணவாயைப் பார்த்து நிற்கும் குன்றை யார் முதலில் பிடிப்பது என்பதுதான் போட்டி. கும்பினிச் சிப்பாய்கள் முந்திக்கொண்டார்கள். ஸ்மித் கணவாயைக் கடந்துவிட்டார். அந்த மாதமே 26ஆம் தேதி திருவண்ணாமலை அருகே நடந்த பெரிய போரில் ஹைதரும் நிஜாமும் பீரங்கிகளைப் பறிகொடுத்துப் பின்வாங்கினார்கள். அதே நாட்களில் ஹைதரின் இளம் மகன் திப்பு குதிரைப்படையோடு சென்னையின் புறநகரைச் சூறையாடிக்கொண்டிருந்தார். சென்னைக் கவுன்சில் உறுப்பினர்கள் தோட்ட வீட்டில் அவரிடம் அகப்படாமல் தப்பியது மயிரிழையில்தான். தந்தையின் தோல்விச் செய்தி வந்ததும் திப்பு திரும்பினார். ஆண்டின் இறுதியில் மலையின் வடவாசலில் ஆம்பூர்க் கோட்டையைச் சுமார் ஒரு மாதம் ஹைதர் முற்றுகையிட்டார், கோட்டை விழவில்லை.

இரண்டு வாசலும் கிடைக்காத கூட்டாளியை நிஜாம் எத்தனை நாள் சுமப்பார்? வங்காளத்திலிருந்து வந்த கும்பினிப் படை வாரங்கல் வரை புகுந்துவிட்டது என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. 1768 பிப்ரவரி 23 அன்று நிஜாம் மீண்டும் கும்பினியோடு கையெழுத்திட்டார். அந்த உடன்படிக்கை ஹைதரை ஆட்சியை அபகரித்தவர் என்றது. ஆறு மாதம் முன்பு தோளோடு தோள் நின்று போரிட்டவரைப் பற்றிய வாசகம் இது. மைசூரின் திவானி உரிமையை ஆண்டுக்கு ஏழு லட்சம் ரூபாய் என்ற பேச்சில் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். கொடுத்தவர் கையில் மைசூரின் ஒரு முழ நிலம் கிடையாது.

ஹைதர் இதற்கெல்லாம் அசரவில்லை. இழந்த பாராமகாலைத் திரும்பப் பிடித்தார். 1769 மார்ச்சில் 6,000 குதிரைவீரரோடு, துரத்தி வந்த படைகளை ஏமாற்றி, மூன்றரை நாளில் 130 மைல் கடந்து பரங்கிமலைக்கு அருகே வந்து நின்றார். சென்னை கலங்கியது. ஏப்ரலில் உடன்படிக்கை ஆயிற்று. கரூரைத் தவிர மற்றதெல்லாம் பழையபடி அவரவர்க்கு என்றார்கள். எஞ்சிய விதிகளில் ஹைதர் உயிராக மதித்தது ஒன்றுதான். இரு தரப்பில் யார் தாக்கப்பட்டாலும் மற்றவர் படையனுப்பிப் பகைவனை விரட்ட உதவ வேண்டும். அனுப்பும் படைக்குச் சம்பள விகிதம்கூட எழுதியாயிற்று. வெள்ளைச் சிப்பாய்க்கும் குதிரைவீரனுக்கும் மாதம் 15 ரூபாய், நாட்டுச் சிப்பாய்க்கு ஏழரை ரூபாய். இவ்வளவு நுணுக்கமாக எழுதிய விதி நடைமுறைக்கு வரும் என்று யாரும் நம்புவார்கள்தானே. ஹைதரும் நம்பினார்.

அவர் ஏன் அந்த விதியை வற்புறுத்தினார் என்பதைப் புரிந்துகொள்ள வடக்கே பார்க்க வேண்டும். பேஷ்வா மாதவராவின் மராட்டியப் படை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மைசூருக்குள் இறங்கியது. 1767இலும் பெருந்தொகை கொடுத்துத்தான் ஹைதர் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார். தென்னகத்தில் அன்று ஹைதர் எளியவர் அல்லர், ஆனால் மராட்டியருக்கு முன் அவர் சிறிய நாடுதான். சிறிய நாடு பெரிய அண்டை நாட்டுக்கு அஞ்சி மூன்றாம் சக்தியோடு கைகோக்கும் அதே கதை. 1770இல் மாதவராவ் மறுபடி வந்தார். 1771இல் மேலுக்கோட்டைக்கு அருகே சின்குரளியில் ஹைதரின் படை சிதறியது. விதியை நினைவூட்டி சென்னைக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். சென்னை அசையவில்லை.

கவுன்சிலை வெறும் வஞ்சகர் கூட்டம் என்று தள்ளிவிடுவது எளிது. அவர்கள் கையைப் பிடித்திழுத்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆற்காட்டு நவாபுக்கு ஹைதர் வலுப்பெறுவது பிடிக்காது. 1770இல் இங்கிலாந்து அரசரின் தூதராக வந்த சர் ஜான் லிண்ட்சே கும்பினியின் தலைக்கு மேல் நவாபோடு நேரடியாகப் பேசினார், மராட்டியருடன் சேர்வதே நல்லது என்றார். மராட்டியரைப் பகைத்துக்கொள்ளச் சென்னைக்கும் துணிவில்லை. ஆக ஒரு கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கை இன்னொரு கூட்டாளி தடுத்தான். ஹைதர் பணமும் நிலமும் கொடுத்து 1772இல் மராட்டியரிடமிருந்து மீண்டார். கும்பினி மேல் அவருக்கு ஏற்பட்ட கசப்பு அதன் பிறகு இறங்கவேயில்லை.

*

இங்கே ஐரோப்பாவின் தாளை எடுத்துப் பார்ப்பது பயன்படும். நேட்டோ உடன்படிக்கையின் ஐந்தாம் விதி, ஓர் உறுப்பு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்கிறது. மேடைப் பேச்சுகளில் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு நாடும் தான் தேவையென்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. படையனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. சம்பள விகிதம்வரை எழுதிய 1769 உடன்படிக்கை, வாசகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இதைவிட இறுக்கமானது. 1949இல் எழுதப்பட்ட ஐந்தாம் விதி நடைமுறைக்கு வந்தது ஒரே முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின். உதவி பெற்றது கூட்டணியிலேயே மிக வலிய நாடு. சிறிய நாட்டுக்காக அது இன்னும் சோதிக்கப்படவில்லை. 2018 ஜூலையில் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், மாண்டெனேக்ரோவுக்காக அமெரிக்கப் பிள்ளை ஏன் போருக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது, தானும் அதே கேள்வியைக் கேட்பதாக அதிபர் டிரம்ப் சொன்னார். உறுப்பினராகி ஓராண்டு கழித்து அந்த நாட்டவர் கேட்ட பதில் அது. சென்னைக் கவுன்சிலின் குறிப்பேட்டில் இருந்தாலும் பொருந்தியிருக்கும்.

ஒரு கூட்டாளி இன்னொருவனைத் தடுப்பதற்கும் அங்கே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பெயர்ச் சண்டையைக் காரணமாக்கி, 2008 புக்கரெஸ்ட் மாநாட்டில் மாசிடோனியாவுக்கு அழைப்பு போகாமல் கிரீஸ் தடுத்தது. அது 1995ஆம் ஆண்டு இடைக்கால ஒப்பந்தத்துக்கு முரண் என்று 2011இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் மாசிடோனியாவின் பக்கம், கதவு கிரீஸின் கையில். கடைசியில் 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் செய்து, நாட்டின் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் 2020 மார்ச்சில் உள்ளே போக முடிந்தது. பின்லாந்தோடு ஒரே நாளில் விண்ணப்பித்த சுவீடன், துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்ததால் ஏறத்தாழ ஓராண்டு பிந்தி 2024 மார்ச்சில் சேர்ந்தது.

மாண்டெனேக்ரோவின் வாசல் எது? கடல். அட்ரியாட்டிக்கின் கீழ்க்கரையில் கோட்டோர் விரிகுடாவும் பார் துறைமுகமும் அதன் கையில். ரஷ்யப் போர்க்கப்பல்கள் அந்தத் துறைமுகங்களில் தங்கிச் செல்ல 2013இல் வசதி கேட்கப்பட்டதாகவும் அரசு மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. மாண்டெனேக்ரோ சேர்ந்ததும், போஸ்னியாவின் சிறு துண்டு நீங்கலாக, அந்தக் கடலின் கரை முழுவதும் நேட்டோவின் கரையாகிவிட்டது. 2,000 வீரர்களுக்காக யாரும் அழைப்பு அனுப்பவில்லை. செங்கத்துக் குன்றுக்காக ஸ்மித்தும் ஹைதரும் முந்தியதைப் போன்றதே இது.

உள்நாட்டில் கருத்து இரண்டாகப் பிளந்திருந்தது. 1999இல் நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியா மேல் குண்டு வீசியபோது மாண்டெனேக்ரோவிலும் குண்டு விழுந்திருக்கிறது. அதை மறக்காத மக்கள் பலர். 2016 அக்டோபர் தேர்தல் நாளில் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி நடந்ததாக அரசு குற்றம்சாட்டியது. பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2017 ஏப்ரல் 28 அன்று பழைய தலைநகர் செட்டினியேவில் கூடிய நாடாளுமன்றத்தில் ஆதரவு 46, எதிர்ப்பு பூச்சியம். எதிர்க்கட்சியினர் அவைக்கே வரவில்லை. இது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. ஆனாலும் அங்கே ஓர் அவை இருந்தது, புறக்கணிப்பதற்கு ஓர் எதிர்க்கட்சி இருந்தது, விலகிக்கொள்ள உடன்படிக்கையிலேயே விதி இருக்கிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில் ஏரும் மாடும் பறிகொடுத்தவர்களுக்கு இதில் ஒன்றுகூட இருந்ததில்லை.

*

1780 ஜூலையில் ஹைதர் மறுபடி செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். இந்த முறை எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட படை. நிஜாமும் மராட்டியரும் அவரோடு ஒரே கூட்டில். முந்திய ஆண்டு கும்பினி மாகேயைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தது உடனடிக் காரணம். 1770இல் வராத படை பழைய காரணம். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. பெய்லி சிறைபிடிக்கப்பட்டார். நவம்பரில் ஆற்காடு வீழ்ந்தது. ஹைதரின் குதிரைகள் சென்னைக்கு உணவு போகக்கூடாது என்று ஊர் ஊராக எரித்தன. கூட்டணி முறிவுக்கான அபராதத்தைக் கட்டியது கோட்டைக்குள் இருந்த கவுன்சில் அன்று, வெளியே இருந்த கர்நாடகத்து உழவர்கள். ஹைதரின் புதிய கூட்டும் நிலைக்கவில்லை. நிஜாம் நகர்ந்துகொண்டார். மராட்டியர் 1782இல் சால்பாய் உடன்படிக்கையின் மூலம் விலகினார்கள். அந்த டிசம்பரில் சித்தூருக்கு அருகே முகாமிலேயே ஹைதர் இறந்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் கூட்டாளி வராமற்போன கதை. கூட்டாளி வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆற்காடு இருக்கிறது. எனக்கு இதுவே அதிகம் கவலை தரும் கதை.

1749 ஆகஸ்டு 3 அன்று ஜவ்வாது மலையின் வடவாசலான ஆம்பூரில் நவாபு அன்வருத்தீன் போரில் இறந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிபு நவாபானார். முகமது அலிக்குக் கும்பினியை விட்டால் வேறு கதியில்லை. கும்பினிக்கும் பிரெஞ்சுக்காரரைத் தடுக்க ஒரு நவாபு வேண்டியிருந்தது. இந்தக் கூட்டணி வெற்றிபெற்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். முகமது அலி வென்றார், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். 1763 பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் விதி அவரைக் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாபு என்று பெயர் சொல்லி ஏற்றது. ஐரோப்பிய அரசர்கள் கையெழுத்திட்ட தாளில் பெயர் வந்த பெருமை அவருக்கு.

ஆனால் தன்னைக் காக்கும் படை தன்னுடையதன்று. அதற்குச் சம்பளம் தர வேண்டும். சம்பளத்துக்குப் பணம் இல்லாதபோது கும்பினியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் வட்டிக்குக் கொடுத்தார்கள். வட்டிக்கு ஈடாக மாவட்ட வருவாய் எழுதி வாங்கப்பட்டது. வருவாய் போனதால் அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு மறுபடி கடன். இந்தச் சுழலைத்தான் 1785 பிப்ரவரி 28 அன்று ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி எட்மண்டு பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசிக் கிழித்தார். கடன்காரர்கள் சிலர் அதே நாடாளுமன்றத்தில் இடம் வாங்கியிருந்தார்கள், பேச்சு பலிக்கவில்லை. 1781இல் போர்ச் செலவுக்காக நாட்டின் வருவாய் முழுவதும் கும்பினி வசம் ஒப்படைக்கப்பட்டது, 1785இல் திரும்ப வந்தது, 1790இல் மீண்டும் போனது. 1792 உடன்படிக்கை ஆண்டுக்கு ஒன்பது லட்சம் வராகன் படைச்செலவுக்கென்று நிர்ணயித்தது, கடன்காரர்களுக்கு அது போக. போர் மூண்டால் நாட்டையே எடுத்துக்கொள்ளும் உரிமையும் கும்பினிக்கு.

நிஜாமும் கடைசியில் இதே வழிக்கு வந்தார். 1798 செப்டம்பரில் ஆறு பட்டாளங்களை ஐதராபாத்தில் நிறுத்திக்கொள்ளவும், அதற்கு ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய்க்கு மேல் தரவும் ஒப்புக்கொண்டார். ரேமண்டு உருவாக்கிய பிரெஞ்சுப் பயிற்சிப் படையைக் கலைத்தார். 1800இல் பணத்துக்குப் பதில் மாவட்டங்களையே கொடுத்துவிட்டார். ஆற்காட்டு நவாபு வட்டியில் இழந்ததை அவர் முதலிலேயே மொத்தமாகக் கொடுத்தார் என்று சொல்லலாம். அதனாலோ என்னவோ, அவர் வம்சத்தின் அரசு 1948 வரை பிழைத்திருந்தது.

இன்றைய நேட்டோவில் கணக்கு வேறு மாதிரி. பாதுகாப்புக்கு இத்தனை விழுக்காடு செலவிட வேண்டும் என்று கூட்டணி கேட்கிறது, ஆனால் அந்தப் பணம் உறுப்பு நாட்டின் சொந்தப் படைக்கே போகிறது. வருவாயை எழுதி வாங்குவதில்லை. மாண்டெனேக்ரோ 2010 முதலே ஆப்கானிஸ்தானுக்குச் சிறு குழுக்களாக வீரர்களை அனுப்பியது. சேருவதற்கு முன்பே கட்டிய கட்டணம் அது. ஆற்காட்டோடு இதை ஒன்றாக வைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் காவலாளியின் ஆயுதம், உதிரிப் பாகம், உளவுத் தகவல் எல்லாம் பெரிய நாட்டின் கையில் இருக்கும்போது, சொந்தப் படை எந்த அளவுக்குச் சொந்தம் என்ற கேள்வி சிறிய நாடுகளை விட்டுப் போகவில்லை.

ஆற்காட்டின் முடிவு போர்க்களத்தில் வரவில்லை. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு பாராமகாலைக் கும்பினிக்குக் கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே நிலமளந்து வரி போடத் தொடங்கினார்கள். செங்கம் கணவாயின் மேல் வாயும் இனிக் கும்பினியுடையது. 1799 மே மாதம் திப்பு இறந்த பிறகு அந்தக் கணவாய் வழியாக இறங்கி வர யாரும் மிச்சமில்லை. நவாபின் நாட்டுக்கு எதிரியும் இல்லை, ஆகவே நவாபும் தேவையில்லை. சீரங்கப்பட்டின அரண்மனையில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, முகமது அலியும் அவர் மகன் உம்தத்-உல்-உமராவும் திப்புவோடு மறைவில் தொடர்பு வைத்திருந்ததாக கும்பினியின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி குற்றம்சாட்டினார். 1801 ஜூலை 15 அன்று உம்தத்-உல்-உமரா இறந்தார். அவருடைய மகன் கும்பினியின் நிபந்தனைகளை மறுத்தார், வேறொரு வாரிசைத் தேடினார்கள். ஜூலை 31 அன்று அசீம்-உத்-தௌலா கையெழுத்திட்டார். நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. வரி, நீதி, ஆட்சி, படை நான்கும் கும்பினிக்கு.